உஸ்பெக் குழந்தைக் கதைகளும் பிள்ளை மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1966 ஜனவரியும் லால் பகதூர் சாஸ்திரியும் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கு ஒரு பையன் ஞாபகத்துக்கு வருவான். தொப்பிக்குள் வெண்ணெயை ஒளித்துவைத்து, அது உருகி முகத்தில் வழிய, அம்மா முன்னால் திருதிருவென்று முழிக்கும் பையன். மொழிபெயர்ப்புகள் வழியாக உஸ்பெக் குழந்தைக் கதைகளைப் படித்து, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர்களும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

உஸ்பெக் சிறுவர் இலக்கியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதலில் பாட்டிமார் வாய்வழியாக வந்த கதைகள், தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு. அப்புறம் 1900-களின் தொடக்கத்தில் 'ஜதீத்' எனப்பட்ட சீர்திருத்தக்காரர்கள் நடத்திய புதுமுறைப் பள்ளிகளுக்காக எழுதப்பட்ட பாடநூல்கள். அப்துல்லா அவ்லானி 1913-இல் வெளியிட்ட 'துருக்கிய குலிஸ்தான்' அந்த வகை. பிள்ளை வளர்ப்பு என்பது தங்கள் மக்களுக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம் என்று அதில் எழுதினார். உஸ்பெக்கியர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு சோவியத் காலத்து நாவல்களும் கவிதைகளும், 1991-இல் நாடு விடுதலையான பின் வந்தவையும்.

இந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேச முடியாது. பிள்ளைகளின் மனசோடு நேரடியாகப் பேசும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' மாதிரி அவர்களுக்கும் தொடக்கம் உண்டா?

உண்டு. அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கதைகள்மேல் எனக்குப் பிரியம் வந்தது. "பிர் போர் எகான், பிர் யோக் எகான், பிர் ஓச் எகான், பிர் தோக் எகான்" என்று தொடங்குவார்கள். ஒருத்தர் இருந்தாராம், ஒருத்தர் இல்லையாம். ஒருத்தர் பசியோடு இருந்தாராம், ஒருத்தர் வயிறு நிறைந்து இருந்தாராம்.

ராஜாவோ அரண்மனையோ வருவதற்கு முன்னாலேயே பசித்தவனும் உண்டவனும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை இதை ஒவ்வொரு ராத்திரியும் கேட்கிறது. பசி தனக்கும் தெரியும், வயிறு நிறைவதும் தெரியும். உலகத்தில் இரண்டு வகை ஆட்களும் உண்டு என்பது கதைக்கு முன்னாலேயே காதில் விழுந்துவிடுகிறது. பிறர் நிலையை உணர்வது என்று நாம் பெரிதாகப் பேசுவதற்கு இதைவிட எளிமையான ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

பசி அவர்கள் கதைகளில் எங்கும் வரும். மார்ச் மாதம் நவ்ரூஸ் திருநாளுக்கு முளைகட்டிய கோதுமையை ராத்திரி முழுக்கக் கிண்டி 'சுமலாக்' செய்வார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. வீட்டில் ஒன்றுமில்லாத ஒரு தாய், அழும் பிள்ளைகளைத் தேற்ற கொஞ்சம் முளைக்கோதுமையையும் தண்ணீரையும் சில கூழாங்கற்களையும் அண்டாவில் போட்டு அடுப்பில் ஏற்றுகிறாள். ஏதோ வேகிறது என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் தூங்கிப்போகிறார்கள். அவளும் கண்ணயர்கிறாள். விடிந்து பார்த்தால் தேவதைகள் வந்து அண்டாவை நிறைத்திருக்கிறார்கள். இன்றும் சுமலாக் கிண்டும்போது அண்டாவில் கற்களைப் போடுகிறார்கள். அடிப்பிடிக்காமல் இருக்கத்தான். ஆனால் கிண்ணத்தில் கல் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தத் தாயின் கதை அந்தக் கல்லோடு கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

தாலாட்டுக்கு 'அல்லா' என்று பெயர். அதைவிடப் பிள்ளைகள் தாங்களே பாடும் பாட்டுகளைப் பற்றிச் சொல்ல ஆசை.

பனி உருகும்போது தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னப் பூ முதலில் எட்டிப் பார்க்கும். பெயர் 'போய்செச்சக்'. பிள்ளைகள் அதைப் பறித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். கெட்டி மண்ணை முட்டி மோதி வந்த பூ, மெத்து மண்ணில் உருண்டு வந்த பூ என்று ஓர் அடி. உங்கள் அண்டா நிறைய மோர் இருக்கிறது, தராவிட்டால் அண்டா உடைந்துபோகும் என்று செல்லமாக மிரட்டும் இன்னோர் அடி. வீட்டுக்காரர்கள் ஏதாவது தின்னக் கொடுத்து அனுப்புவார்கள். கூச்சப்படும் குழந்தைகூட கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த வீட்டுப் படி ஏறிவிடும். தெருவிலுள்ள ஒவ்வொரு கதவும் தனக்காகத் திறக்கும் என்று அந்த வயதில் தெரிந்துகொள்வது பெரிய தைரியம்.

இன்னொன்று 'ஆக் தெராக்மி, கோக் தெராக்'. வெள்ளை நெட்டிலிங்கமா, பச்சை நெட்டிலிங்கமா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது பாப்ளார் மரத்தை. இரண்டு வரிசையாகக் கைகோத்து எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வரிசை "எங்களிடமிருந்து உங்களுக்கு யார் வேண்டும்?" என்று பாட்டாகவே கேட்கும். எதிர் வரிசை ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பிள்ளை ஓடிவந்து கைச் சங்கிலியை அறுக்க வேண்டும். அறுத்தால் ஒருவரைத் தன் பக்கம் கூட்டிப் போகலாம். முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இதில் என்ன அழகு என்றால், தோற்றவர் வெளியே போய் உட்கார வேண்டியதில்லை. இன்னொரு வரிசையில் இரண்டு கைகள் அவருக்காகக் காத்திருக்கின்றன.

அவர்கள் மிகவும் கொண்டாடும் நாட்டுப்புறக் கதை எது?

'ஸும்ராத்தும் கிம்மத்தும்' என்று கேட்டால் உஸ்பெக் பிள்ளை எதுவும் தலையாட்டும். ஸும்ராத் என்றால் மரகதம். கிம்மத் என்றால் விலை உயர்ந்தவள். மரகதம் மூத்தாள் மகள், உழைப்பாளி. விலை உயர்ந்தவள் இளையாள் மகள், சோம்பேறி. மூத்தாள் மகளைக் காட்டில் விட்டுவிட்டு வா என்று மாற்றாந்தாய் புருஷனை விரட்டுகிறாள்.

அடுத்து வரும் இடம்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கும். தந்தை விறகு வெட்டப் போவதாகச் சொல்லி மகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார். கோடாலியை ஒரு மரத்தில் தொங்கவிட்டுவிட்டு நழுவிவிடுகிறார். காற்றடிக்கும்போதெல்லாம் கோடாலி மரத்தில் மோதி டொக், டொக் என்கிறது. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அவள் நிம்மதியாகப் பூப் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு ஒரு மந்திரக்காரப் பாட்டி வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. மரகதத்தின் நல்ல குணத்துக்குப் பரிசாக ஒரு பெட்டி. அதில் பொன்னும் மணியும். அதைப் பார்த்துப் பொறாமையில் போன கிம்மத்துக்குக் கிடைத்த பெட்டியிலோ ராட்சதப் பாம்புகள்.

அந்த முடிவு குழந்தைகளுக்குக் கொடூரம் இல்லையா?

கொடூரம்தான். மாற்றாந்தாய் என்றாலே கெட்டவள் என்கிற பழைய குறையும் இதில் உண்டு. இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் இரண்டாவது அம்மா அன்பாக வளர்க்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையை அப்படியே சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் கோடாலிச் சத்தத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்பது எல்லாக் குழந்தைக்கும் உள்ள பயம். பள்ளி வாசலில் முதல் நாள் அழுவதும் அதனால்தான். அந்தப் பயத்தை வெளியே எடுத்து, அதற்கு டொக் டொக் என்று ஒரு சத்தமும் கொடுத்து, அப்புறம் காட்டுக்குள் ஒரு விளக்கு வெளிச்சத்தையும் இந்தக் கதை காட்டுகிறது. பயத்தை மறைத்துவைத்த கதை இந்த வேலையைச் செய்யாது.

உஸ்பெக் வீடுகளில் பிள்ளைகளை எப்படித் திருத்துவார்கள்? கதைகளும் அதையே சொல்கின்றனவா?

'உயாத்' என்று ஒரு சொல். வெட்கம், அவமானம் இரண்டும் சேர்ந்தது. "உயாத் போலாதி", அதாவது அது கேவலமாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் "நாலு பேர் என்ன நினைப்பாங்க" போலத்தான். 'மஹல்லா' எனப்படும் அக்கம்பக்கம் அங்கே மிகவும் வலுவானது. எல்லோர் கண்ணும் எல்லோர் மேலும் இருக்கும். இதற்கு நல்ல பக்கமும் உண்டு. 'அந்தீஷா' என்பார்கள்: நான் பேசுவது, செய்வது இன்னொருவரைச் சங்கடப்படுத்துமோ என்று யோசிக்கும் குணம்.

இதை அழகாகக் காட்டுவது 'மூன்று வீரச் சகோதரர்கள்' என்கிற நாட்டுப்புறக் கதை. நேர்மையாக இருங்கள், பயமில்லை. பெருமை பேசாதீர்கள், தலைகுனிய வேண்டாம். சோம்பாதீர்கள், துன்பமில்லை என்று தந்தை மூன்று மகன்களுக்கும் சொல்லி அனுப்புகிறார். வழியில் ராத்திரி முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள். மூத்தவன் ஒரு சிங்கத்தைக் கொல்கிறான். விடிந்ததும் தம்பிகளிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அடுத்த ராத்திரி நடுவனுக்கும் அப்படியே ஒரு சண்டை, அவனும் சொல்லவில்லை. கேட்கும் குழந்தைக்கு மட்டும் எல்லாம் தெரியும். ரகசியத்தைத் தானும் சேர்ந்து காப்பாற்றுகிற பூரிப்பு அந்தக் குழந்தையின் முகத்தில் தெரியும்.

ஆனால் வெட்கம் அளவு மீறினால் பிள்ளையின் உள்ளத்தைச் சுருக்கிவிடும். அங்கேதான் நல்ல உஸ்பெக் எழுத்தாளர்கள் பிள்ளையின் பக்கம் வந்து நிற்கிறார்கள். மாட்டிக்கொண்டு அவமானப்பட்டு நிற்கும் பிள்ளையே அவர்களுடைய கதாநாயகன். ஊர் சிரித்தாலும் புத்தகம் அவன் கையை விடுவதில்லை. இந்த இலக்கியத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அந்த வெண்ணெய்ப் பையன் யார்?

கஃபூர் குலாம் (1903–1966) எழுதிய 'ஷும் போலா' நாவலின் நாயகன். பெயருக்குக் குறும்புக்காரப் பையன் என்று அர்த்தம். முதலில் 1936-இல் வந்தது. ரஷ்யப் புரட்சிக்கு முந்தைய பழைய தாஷ்கண்ட்தான் களம்.

தெருப் பையன்கள் கூட்டாஞ்சோறு ஆக்கத் திட்டம் போடுகிறார்கள். ஆளுக்கொரு சாமான். இவன் வீட்டில் எடுத்த வெண்ணெயைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்கிறான். (அவர்கள் தொப்பிக்குச் சொல்லும் பெயர் 'தோப்பி'. கேட்கும்போதே உறவுக்காரச் சொல் மாதிரி இருக்கிறது.) அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிடுகிறாள். அடுப்புச் சூட்டில் வெண்ணெய் உருகுகிறது. காதோரம் ஒரு கோடு, நெற்றியில் ஒரு கோடு. குட்டு வெளிப்பட்டுவிட, பயந்துபோய் வீட்டைவிட்டு ஓடுகிறான். அதிலிருந்து ஆரம்பிக்கிறது அவனுடைய அலைச்சல்.

பிள்ளைகள் இதைக் கேட்டு உருண்டு புரண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கணம் அமைதி வரும். தலையில் வெண்ணெய் உருகிக்கொண்டே அம்மாவின் கண்ணைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும். ஏதோ ஒரு வெண்ணெயை எல்லோரும் ஒளித்திருக்கிறார்கள். ஆசிரியர் அவனுக்குப் புத்தி சொல்வதில்லை. பசியும் ஊர்சுற்றலும் பொய்யும் அவனை எங்கெல்லாம் கொண்டுபோகின்றன என்று கூடவே நடக்கிறார். கஃபூர் குலாமே சிறு வயதில் தாய் தந்தையை இழந்தவர். அந்தப் பையனிடம் அவ்வளவு கனிவு இருப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அநாதைப் பிள்ளைகள் இவ்வளவு வருவது ஏன்?

வரலாறு அப்படி. இரண்டாம் உலகப் போரில் சோவியத்தின் மேற்குப் பகுதிகளிலிருந்து ரயில் ரயிலாகப் பிள்ளைகளை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள். தாஷ்கண்டில் ஷாஅஹ்மத் ஷாமஹ்மூதவ் என்ற கொல்லரும் அவர் மனைவி பஹ்ரி அக்ரமோவாவும் பல இனங்களைச் சேர்ந்த 15 பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நகரத்தில் பெரிய சிலை இருக்கிறது.

அந்த நாட்களில், 1942-இல், கஃபூர் குலாம் எழுதிய கவிதை 'நீ அநாதை இல்லை'. "அமைதியாயிரு, ஜிகரிம்" என்று அந்தப் பிள்ளையை அழைக்கிறார். ஜிகர் என்றால் ஈரல். நம் பாட்டிமார் "என் ஈரக்குலையே" என்பார்களே, அதே நெருக்கம். அழாதே என்று அதட்டவில்லை. வீரனாக இரு என்றும் சொல்லவில்லை. உனக்கு ஆள் இருக்கிறது என்கிறார். துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும் பெரியவர்கள் அந்த இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்ளலாம்.

போர்க்காலத்தை வைத்து குதாய்பெர்தி தொஹ்தாபாயெவ் எழுதிய 'ஐந்து பிள்ளைகளுள்ள இளைஞன்' நாவலில் பெரியவர்கள் இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளை ஒரு சிறுவன் தாங்குகிறான். பொறுப்பு என்பது அங்கே உபதேசமாக வருவதில்லை. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்கிற கேள்வியாக வருகிறது. இதைப் பத்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

தொஹ்தாபாயெவ் வேறு என்ன எழுதினார்?

அவருடைய பேர்போன நாவல் 1968-இல் வந்த 'மஞ்சள் பூதத்தின் மேல் ஏறி'. ஹாஷிம்ஜான் என்ற கிராமத்துப் பையனுக்கு மந்திரத் தொப்பி ஒன்று கிடைக்கிறது. போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். இனி பள்ளிக்கூடம் எதற்கு? படிக்காமலே பெரிய ஆளாகிவிடலாம் என்று கிளம்புகிறான். ஒவ்வொரு வேலையாக நுழைகிறான். தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்கிறான். ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொள்கிறான். ஆளை மறைக்கத் தெரிந்த தொப்பிக்கு அறியாமையை மறைக்கத் தெரியவில்லை.

ஒழுங்காகப் படி என்று சொல்லும் புத்தகங்கள் ஆயிரம் உண்டு. இது அந்த ரகம் இல்லை. ஹாஷிம்ஜானே தன் கதையைச் சொல்கிறான். பெருமையடிக்கிறான், சாக்குச் சொல்கிறான், அப்புறம் வீட்டை நினைத்து ஏங்குகிறான். தன் சாக்குகளை வேறொருவன் வாயில் கேட்கும்போது பிள்ளைக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது. தொஹ்தாபாயெவ் 1932-இல் பெர்கானா பகுதியில் பிறந்தவர், 2021-இல் காலமானார். பல மொழிகளில் போயிருக்கும் இந்த நாவல் தமிழுக்கு முழுசாக வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சோவியத் காலத்து எழுத்தில் பிரசாரம் இருக்காதா?

இருக்கும். கட்சியையும் பருத்தி வயலையும் புகழும் பக்கங்கள் நிறைய. அவற்றைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். மனசைத் தொடுகிற இடங்கள் அந்தப் பக்கங்களில் இல்லை.

கவிதைகள்?

குத்தூஸ் முஹம்மதி செடிகொடி, பூச்சி, பறவைகளைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடினார். போலாத் மோமின் பாட்டும் சிறுவர் நாடகமும் எழுதினார். எனக்குப் பிடித்தவர் அன்வர் ஆபித்ஜான் (1947–2020). பிள்ளையின் குரலிலேயே பேசுகிற வேடிக்கைக் கவிஞர். கவிதையில் ஓசைதான் பாதி. மொழிபெயர்ப்பில் அதில் கொஞ்சம் போய்விடுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் என்ன இடம்?

எனக்கு வருத்தமான கேள்வி. நான் படித்தவரை சுவரேறிக் குதிப்பவர்கள், ஊர்சுற்றுபவர்கள், தவறு செய்து கற்றுக்கொள்பவர்கள் பையன்கள்தான். மரகதத்துக்கு நல்லவளாக இருக்க மட்டுமே அனுமதி. தொப்பிக்குள் வெண்ணெய் ஒளிக்கும் ஒரு பெண் பிள்ளை வேண்டும்.

அங்கே பிள்ளைகள் இவற்றை இன்னும் படிக்கிறார்களா?

பாடப் புத்தகம் வழியாக நாட்டுப்புறக் கதைகள் எல்லோருக்கும் போகின்றன. ஒரு சிக்கல் எழுத்தில் இருக்கிறது. முன்பு அரபு எழுத்து, 1920-களின் கடைசியில் லத்தீன், 1940-இல் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக், 1993 சட்டப்படி மறுபடி லத்தீன். பாட்டி ஆசையாக வைத்திருக்கும் புத்தகம் சிரிலிக்கில். பேரன் பள்ளியில் படிப்பது லத்தீனில். அதனால் பாட்டி படித்துக் காட்டுகிறாள், பேரன் கேட்கிறான். எழுத்து பிரித்ததை குரல் ஒட்டவைக்கிற இந்தக் காட்சி எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? எதில் தொடங்குவது?

நாம் ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். தமிழில் முல்லா கதைகளாக உலவும் நஸ்ருதீனை உஸ்பெக்கியர்கள் 'அஃபந்தி' என்று தங்கள் ஆளாகவே நினைக்கிறார்கள். புகாரா நகரத்தில் கழுதைமேல் உட்கார்ந்திருக்கும் அவர் சிலையில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள்.

நான்கு வயதுக்கு 'பிர் போர் எகான்' தொடக்கமும் சுமலாக் கதையும் போதும். ஐந்தாறு வயதுக்கு மூன்று சகோதரர்கள், மரகதம். எட்டுக்கு மேல் வெண்ணெய்ப் பையன். சொல்லி முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வி கதையைப் பரீட்சையாக்கிவிடும். சும்மா இருங்கள். கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

என் தங்கை மகளுக்கு மரகதம் கதையைச் சொன்ன ராத்திரி, பொன்னும் மணியும் நிறைந்த பெட்டி வரைக்கும் கேட்டுவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைத்தேன். இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "பெரியம்மா, அந்தக் கோடாலிய மரத்துலேர்ந்து யாரு கழட்டுனா?"